பூட்டாச் சக்கரமும் பிரேக் மாற்றும் முறையும்

விரைந்து செல்லும் வகையை நாடிய மனிதன், விரைவைப் பெற்ற அன்றே அதனை அடக்கும் வகையையும் நாட வேண்டியவனானான். ஓடும் குதிரைக்குக் கடிவாளமும் ஓடும் வண்டிக்குத் தடையும் இன்றியமையாதன. திருச்சிராப்பள்ளியிலும் திருவரங்கத்திலும் வாழும் நமக்கு இதனை விளக்க வேற்றூர்ச் சான்று வேண்டுவதில்லை. சித்திரைத் தேர் திருவரங்கத்துச் சித்திரை வீதிகளில் உருண்டு வருங்கால், வடம் பிடிப்போர் எத்துணைப் பேராயினும், தேரின் கதி சக்கரங்களின் அருகே முட்டுக்கட்டையோடு நடக்கும் சிலருடைய கையில் அடங்கியிருப்பதைக் கண்ணாரக் காண்கிறோம். கட்டையை இடவேண்டிய நொடியில் இடுதலும், எடுக்கவேண்டிய நொடியில் எடுத்தலும் அவர்தம் தொழில். இடத் தெரிந்தால் மட்டும் போதாது. எடுக்கவும் தெரிதல் வேண்டும்.

இக்காலத்து மோட்டார் சைக்கிள்களிலும் கார்களிலும் அமைந்துள்ள ஏ.பி.எஸ். என்னும் கருவி செய்யும் தொழிலும் ஏறக்குறைய இதுவே. தடையின் இறுக்கத்தால் சக்கரம் அசைவற்றுப் பூட்டிக்கொள்ளப் போகும் நிலையில், இறுக்கத்தைச் சற்றே தளர்த்தி, மீண்டும் இறுக்கி, மீண்டும் தளர்த்திச் சக்கரத்தை உருளவிட்டுக்கொண்டே வண்டியை நிறுத்துவது அது.

நம் கல்லூரி மாணவருள் நாடோறும் மோட்டார் சைக்கிளில் காவிரிப் பாலத்தைக் கடந்து வருவோர் பலர். அவருள் தம் வண்டியில் தேய்ந்துபோன பிரேக் பேட்களைத் தாமே வீட்டில் மாற்றிக்கொள்ள விழைவோரும் உளர். ஏ.பி.எஸ். உள்ள வண்டியில் நாம் கை வைக்கலாமா என்பது அவருக்கு எழும் வினா. ஒரு சாரார் கை வைத்தலே கூடாதென்று அஞ்சுகின்றனர். மற்றொரு சாரார், கருவியே நம்மைக் காத்துக்கொள்ளும், எவ்வாறு மாற்றினும் பழுதில்லை என்று துணிகின்றனர். அவ்வச்சமும் இத்துணிவும் ஒரே அறியாமையின் இருவேறு முகங்கள். வீட்டில் செய்யத்தக்கது இன்னது, செய்யத்தகாதது இன்னது, அவற்றிற்குக் காரணம் இன்னது என்பவற்றை ஈண்டு முறையே ஆராய்வோம்.

தடையின் இயல்பு

ஓடும் வண்டியில் இயக்க ஆற்றல் பொதிந்துள்ளது. அவ்வாற்றல் நிறையோடு நேர்விகிதத்திலும், வேகத்தின் இருமடியோடு நேர்விகிதத்திலும் வளரும் என்பதைப் பௌதிக வகுப்பிற் பயின்றிருக்கிறோம். வேகம் இரு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதே அதன் பொருள். வண்டியும் அதன்மேல் இருவருமாகச் சேர்ந்து 300 கிலோகிராம் என்று கொள்வோம். அது மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது நொடிக்கு 16.7 மீட்டர் வேகத்தில் ஓடுங்கால், அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 41,700 ஜூல் ஆகும். உறைநிலைக் குளிர்ச்சியிலுள்ள 100 கிராம் தண்ணீரைக் கொதிநிலை வரை சூடேற்ற வேண்டும் வெப்பம் இவ்வளவே. வண்டி நிற்கும் இரண்டு மூன்று நொடிக்குள் இவ்வாற்றல் முழுவதும் போயாக வேண்டும். அது போகும் இடம் பிரேக் பேட்களும் அவை பற்றும் டிஸ்க் என்னும் வட்டுமே. உராய்வினால் ஆற்றல் வெப்பமாக மாறி, வட்டின் வழியே காற்றிற் கலக்கிறது.

உலர்ந்த நல்ல சாலையில் நொடிக்கு நொடி 7 மீட்டர் வீதம் வேகம் குறையுமாறு தடை பிடிப்பதாகக் கொண்டால், மணிக்கு 30 கிலோமீட்டரில் வரும் வண்டி 5 மீட்டரில் நிற்கும். 60 கிலோமீட்டரில் வருவது 20 மீட்டரில் நிற்கும். கண் கண்டு கை இயங்குவதற்குள் கழியும் ஒரு நொடியையும் கூட்டினால், முன்னது 13 மீட்டரும் பின்னது 37 மீட்டரும் கடந்திருக்கும். மாம்பழச் சாலையின் நெரிசலில் இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடு ஓர் உயிரின் வேறுபாடாகவும் அமைதல் கூடும்.

கையாலோ காலாலோ நாம் அழுத்தும் சிறு விசை பேட்களிற் பெருவிசையாவது நீர்மத்தின் வழியாகும். அடைபட்ட நீர்மத்தின் ஓரிடத்துக் கொடுத்த அழுத்தம் எல்லாவிடத்தும் குறைவின்றிப் பரவும் என்று பாஸ்கால் கண்ட விதியே இதற்கு அடிப்படை. இவ்விதி சிறு வண்டிக்கு மட்டும் உரியதன்று. திருவாரூர் ஆழித்தேர்க்கு ஹைட்ராலிக் பிரேக் அமைத்துக் கொடுத்தோர் நம் அண்மையிலுள்ள திருவெறும்பூர்ப் பாரத மிகுமின் நிறுவனத்தார் என்பதை ஈண்டு நினைவுகூரலாம். தேரின் சக்கரத்தைப் பிடிப்பதும் மோட்டார் சைக்கிளின் வட்டைப் பிடிப்பதும் ஒரே விதியின் இருவேறு அளவுகள்.

பூட்டிய சக்கரத்தின் கேடு

தடையை எவ்வளவு இறுக்குகிறோமோ அவ்வளவு விரைவில் வண்டி நிற்கும் என்று எண்ணுவது இயல்பு. அவ்வெண்ணம் ஓர் எல்லை வரையில்தான் உண்மை. வண்டியை நிறுத்தும் விசை முடிவில் டயர் சாலையைப் பற்றும் இடத்திலேயே பிறக்கிறது. சக்கரம் வண்டியின் வேகத்தினும் சிறிதளவு, நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை, குறைவாகச் சுழலும்போதே அப்பற்று மிகுதியாக இருக்கும். அதற்கு மேலும் இறுக்கினால் சக்கரம் அடியோடு நின்றுவிடும், டயர் சாலையின்மேல் வழுக்கிச் செல்லும், பற்றுக் குறைந்துபோம்.

அதனினும் பெரிய கேடு ஒன்று உண்டு. உருளாத சக்கரத்திற்குப் பக்கவாட்டில் பற்றி நிற்கும் வலிமை அற்றுப்போகிறது. காரின் முற்சக்கரங்கள் பூட்டிக்கொண்டால் ஸ்டியரிங்கை எப்பக்கம் திருப்பினும் கார் நேரே சறுக்கும். மோட்டார் சைக்கிளின் முற்சக்கரம் பூட்டிக்கொண்டால் வண்டி பெரும்பாலும் ஓட்டுநரோடு சாய்ந்துவிடும். மழையின் முதல் தூறலில் எண்ணெய்ப் பிசுக்கும் புழுதியும் கலந்து வழவழக்கும் சாலையில் இது நேர்வது மிக எளிது.

இக்கேட்டைத் தவிர்க்க அறிஞர் நெடுநாள் முயன்றனர். 1950-க்குப் பின் வந்த ஆண்டுகளில் டன்லப் நிறுவனத்தாரின் மாக்ஸாரெட் என்னும் கருவி விமானச் சக்கரங்களிற் பயன்பட்டது. 1966-இல் ஜென்சன் எஃப்.எஃப். என்னும் ஆங்கிலேயக் காரில் அதுவே இடம் பெற்றது. மின்னணுவியலின் துணையால் ஒவ்வொரு சக்கரத்தையும் ஆளவல்ல கருவியைப் பாஷ் நிறுவனத்தார் ஆக்க, 1978-இல் மெர்ஸிடிஸ் பென்ஸ் காரில் அது விற்பனைக்கு வந்தது. 1988-இல் பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தார் மோட்டார் சைக்கிளிலும் அதனைப் பொருத்தினர். நம் நாட்டில் 125 சி.சி.க்கு மேற்பட்ட இருசக்கர வண்டிகளின் புதிய மாதிரிகளுக்கு 2018 ஏப்ரல் 1 முதலும், ஏனைய மாதிரிகளுக்கு 2019 ஏப்ரல் 1 முதலும் ஏ.பி.எஸ். கட்டாயமாக்கப்பட்டது. முன்னர்ச் செல்வர் வண்டியில் மட்டும் இருந்த கருவி, இவ்விதியினால் கல்லூரி மாணவர் வண்டியிலும் வந்து சேர்ந்தது.

கருவி செய்வதும் செய்யாததும்

இக்கருவியின் உறுப்புக்கள் மூன்று. முதலாவது சக்கரத்தின் சுழற்சியை அளக்கும் சென்சார். சக்கரத்தோடு சுழலும் பல்வளையம் ஒன்றின் அருகே அது நிலையாகப் பொருத்தப்பட்டிருக்கும். வளையத்தின் ஒவ்வொரு பல்லும் இடைவெளியும் கடந்து செல்லுந்தோறும் அதில் ஒரு மின்துடிப்பு எழும். இரண்டாவது அத்துடிப்புக்களை எண்ணிச் சக்கரத்தின் வேகத்தைக் கணிக்கும் மின்னணுப் பெட்டி. மூன்றாவது சிறு வால்வுகளும் பம்பும் அடங்கிய ஹைட்ராலிக் யூனிட். சக்கரம் ஒன்று வண்டியின் வேகத்திற்குப் பொருந்தாத விரைவில் தளர்வதைக் கண்டவுடன், மின்னணுப் பெட்டி வால்வுகளை இயக்கி அச்சக்கரத்திற்குச் செல்லும் அழுத்தத்தைத் தடுக்கிறது. வேண்டுமானால் சிறிது வெளியேற்றுகிறது. சக்கரம் மீண்டும் உருளத் தொடங்கியதும் அழுத்தத்தை மீட்டுத் தருகிறது. ஒரு நொடிக்குள் இது பன்முறை நிகழும். அவ்வேளையில் லீவரிலோ பெடலிலோ ஒரு துடிப்பை நாம் உணரலாம். அத்துடிப்புக்கு அஞ்சிக் கையைத் தளர்த்துதல் தவறு. அழுத்தியவாறே இருத்தல் வேண்டும்.

இவ்விடத்து ஓர் உண்மையை உளங்கொள்ள வேண்டும். ஏ.பி.எஸ். தடையை உண்டாக்குவதன்று, உள்ள தடையை ஆள்வது. பேட் தேய்ந்து வெற்று இரும்பு வட்டில் உரசும் வண்டிக்கு இக்கருவி ஒரு சிறிதும் வலிமை தராது. மிகையைக் குறைக்க அது வல்லது. குறையை நிறைக்க வல்லதன்று. மணலும் சரளையும் பரவிய இடத்தில், பூட்டிய சக்கரத்தைக் காட்டிலும் இக்கருவியுடைய சக்கரம் சற்று அதிக தூரம் சென்றே நிற்றலும் உண்டு. காவிரிக் கரையோரத்துத் தெருக்களில் மணல் படிந்த வளைவுகளைக் கடப்போர் இதனை மறத்தலாகாது. அன்றியும், நம் நாட்டு வண்டிகள் பலவற்றில் முற்சக்கரத்திற்கு மட்டுமே இக்கருவி உண்டு. அவற்றின் பிற்சக்கரம் பழைய வண்டியைப் போலவே பூட்டிக்கொள்ளும். 125 சி.சி.க்கு உட்பட்ட ஸ்கூட்டர்கள் பலவற்றில் உள்ளது சி.பி.எஸ். என்னும் இணைப்புத் தடை. அது இரு சக்கரங்களுக்கும் தடையைப் பகிர்ந்தளிப்பதேயன்றிப் பூட்டாமற் காப்பதன்று. தம் வண்டியில் உள்ளது எது என்பதை முதற்கண் அறிந்துகொள்க.

இக்கருவியில் போற்றத்தக்க சிறப்பு ஒன்றும் உண்டு. மின்சாரம் அற்றாலும் கருவி பழுதுபட்டாலும் சக்கரத்திற்கு அழுத்தம் செல்லும் வழியிலுள்ள வால்வுகள் இயல்பாகத் திறந்தே நிற்கும். சாதாரணப் பிரேக் வழக்கம்போல் வேலை செய்யும். மீட்டர்ப் பலகையில் ஏ.பி.எஸ். விளக்கு அணையாமல் எரிவது, பூட்டாமற் காக்கும் துணை இப்போது இல்லை என்று அறிவிக்கும் குறியாகும்.

வேலைக்கு முன்

பேட் மாற்றும் வேலையில் இறங்குமுன் மூன்றைத் தேடிக்கொள்ள வேண்டும். முதலாவது அந்த வண்டிக்குரிய கையேடு. எந்தத் திருகை எவ்வளவு முறுக்குவிசையில் இறுக்குவது, வட்டின் குறைந்த கனம் எவ்வளவு, எந்தத் தரத்துப் பிரேக் ஆயில் என்பன அதிலேயே கிடைக்கும். இரண்டாவது அவ்வண்டிக்கென்றே செய்யப்பட்ட பேட்கள். உருவம் ஒத்திருப்பது மட்டும் போதாது. விலை குறைந்த போலிகளின் உராய்வுத் தன்மை சூடேறியதும் சரிந்துபோதல் கூடும். மூன்றாவது தக்க கருவிகள்: ஆலன் கீ, ஸ்பேனர், முறுக்குவிசை காட்டும் டார்க் ரெஞ்சு, பிரேக் கிளீனர், தூய பழந்துணி, காலிப்பரைக் கட்டித் தொங்கவிட ஒரு கம்பி.

பிரேக் ஆயிலைப் பற்றிச் சிறிது விரித்துக் கூறுவது அவசியம். பட்டறைகளில் ஆயில் என்று வழங்கினும் அஃது எண்ணெய் அன்று. கிளைக்கால் வகையைச் சார்ந்த நீர்மம். எஞ்சின் ஆயில், மண்ணெண்ணெய் முதலியன ஒரு துளி கலப்பினும் உள்ளிருக்கும் ரப்பர் உறுப்புக்கள் உப்பிக் கெடும். இந்நீர்மம் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் தன்மையது. டாட் 4 என்னும் தரத்தது புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத கொதிநிலை உடையதாதல் வேண்டும் என்பது விதி. ஈரம் கலந்தபின் அவ்வெல்லை 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. கொதித்தால் ஆவிக்குமிழி தோன்றும். குமிழி அமுங்கும் இயல்பினது. ஆதலின் லீவர் பஞ்சுபோல் உள்ளே போகும், தடை பிடிக்காது. இதனாலேயே இரண்டாண்டுக்கு ஒரு முறை இதனை மாற்றுமாறு வண்டி செய்வோர் பலரும் கூறுகின்றனர். டாட் 5 என்னும் சிலிகோன் நீர்மம் நுண்ணிய காற்றுக் குமிழிகளைத் தன்னுள் வைத்துக்கொள்வதால் ஏ.பி.எஸ். வண்டிகளுக்கு ஆகாது. எண்ணிலே மயங்கி, 5 என்பது 4-இனும் உயர்ந்ததென்று அதனை வாங்கி ஊற்றுதல் கூடாது.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்துக. சாய்வான சந்திலும் மணல் தரையிலும் இவ்வேலை ஆகாது. மோட்டார் சைக்கிள் எனின் நடு ஸ்டாண்டில் உறுதியாக நிற்க வேண்டும். கார் எனின், வேலை நடவாத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை இட்டு, ஜாக்கியால் தூக்கியபின் உடலைத் தாங்கும் ஸ்டாண்டையும் அடியில் வைக்க வேண்டும். ஜாக்கி ஒன்றையே நம்பிக் காரின் கீழ்க் கையையோ தலையையோ நீட்டுதல் பெருந்தவறு. இக்னிஷன் அணைந்திருத்தல் வேண்டும். எஞ்சினும் வட்டும் ஆறியிருத்தல் வேண்டும்.

மாற்றும் முறை

பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களின் முற்சக்கரத்துக்குப் பொருந்தும் முறையை ஈண்டுக் கூறுவோம்.

முதலில் ஆயில் கிண்ணத்தின் அளவைப் பார்க்க. பேட் தேயத் தேயப் பிஸ்டன் வெளியே வந்திருக்கும். கிண்ணத்தில் நீர்மம் இறங்கியிருக்கும். யாரேனும் இடையில் நிரப்பியிருந்தால், பிஸ்டனை உள்ளே தள்ளும்போது அது பொங்கி வழிந்து வண்ணப்பூச்சைக் கெடுக்கும். ஆதலின் மூடியைச் சுற்றியுள்ள புழுதியைத் துடைத்துவிட்டுத் திறந்து, மிகையாயிருந்தால் சிறிது உறிஞ்சி எடுத்துவிட்டு மூடுக.

பிறகு பேட்களைத் தாங்கும் ஊசித்திருகைச் சற்றே தளர்த்தி, காலிப்பரை முள்ளோடு பிணைக்கும் இரண்டு போல்ட்டுகளையும் கழற்றுக. ஏ.பி.எஸ். வண்டிக்கே உரிய கவனம் இங்கே தொடங்குகிறது. சென்சாரிலிருந்து வரும் மெல்லிய கம்பி பிரேக் குழாயை ஒட்டியே மேலேறும். அது எந்தக் கவ்வியில் செருகியிருக்கிறது, எவ்வழி வளைகிறது என்பதைப் பார்த்து நினைவில் வைத்துக்கொள்க. அதனை இழுத்தலும் கூடாது, முறுக்குதலும் கூடாது. கழற்றிய காலிப்பரைப் பிரேக் குழாயிலேயே தொங்கவிடாமல் கம்பியால் கட்டித் தாங்குக. பல்வளையத்தின்மேல் ஸ்க்ரூடிரைவரை ஊன்றி நெம்புதல் ஆகாது. ஒரு பல் வளைந்தாலும் சென்சார் தவறாக எண்ணும். எண்ணிக்கை தவறினால் கருவி வேண்டாதபோது தடையைத் தளர்த்திவிடவும் கூடும்.

பழைய பேட்களை வெளியே எடுத்து இரண்டின் தேய்மானத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க. பேட்டின் முகத்தில் வெட்டியுள்ள பள்ளக்கோடு மறைந்திருந்தால் அதன் ஆயுள் முடிந்தது. ஒன்று மிகத் தேய்ந்தும் மற்றொன்று தேயாமலும் இருந்தால் காலிப்பர் நகரும் ஊசிகளோ பிஸ்டனோ இறுகியிருக்கின்றன என்பது பொருள். அதற்குக் காரணம் காணாமல் புதியவற்றை இடுவது நோயை விட்டு வலியைப் போக்குவதை ஒக்கும். வட்டின் கனத்தையும் அளந்து, அதன்மேற் பொறித்துள்ள குறைந்த அளவோடு ஒப்பிடுக. குறைந்திருந்தால் பேட் மட்டும் மாற்றிப் பயனில்லை.

படிந்திருக்கும் கரிய தூளை வாயால் ஊதுதலும் காற்றுக் குழாயால் அடித்தலும் வேண்டா. முற்காலத்துப் பேட்களில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. எவ்வகைத் தூளாயினும் நுரையீரலுக்கு நன்றன்று. கிளீனரால் நனைத்துத் துடைத்தலே முறை. வெளியே நீண்டு நிற்கும் பிஸ்டனின் பக்கங்களை நன்கு துடைத்தபின்னரே அதனை உள்ளே தள்ள வேண்டும். அழுக்கோடு தள்ளினால் ரப்பர் வளையம் கிழியும்.

பிஸ்டனைத் தள்ளுவதிலும் பொறுமை வேண்டும். ஏ.பி.எஸ். வண்டியில் பின்னுக்குத் தள்ளப்படும் பழைய நீர்மம் குழாய் வழியே ஹைட்ராலிக் யூனிட்டை நோக்கிச் செல்கிறது. காலிப்பரின் அடியில் தங்கிய கசடும் அதனோடு செல்லக்கூடும். யூனிட்டின் வால்வுத் துளைகளோ மிக நுண்ணியன. ஆதலின் மெல்ல, ஒரே சீராக, கையின் விசையாலேயே தள்ளுக. அது நகர மறுத்தால் சுத்தியலையோ பெருங்குறட்டையோ நாடாமல், அவ்வேலையைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் ஒப்புவிக்க. நீர்மம் கறுத்துக் கசடேறியிருந்தால் முதலில் அதனை மாற்றச் செய்து, பின்னர்ப் பேட் மாற்றுவதே அறிவுடைமை.

புதிய பேட்களை அவற்றிற்குரிய தகடுகளோடு பொருத்துக. காலிப்பர் நகரும் ஊசிகளுக்குக் கையேட்டில் கூறிய கிரீஸ் மட்டும் சிறிது தடவலாம். பேட்டின் முகத்திலும் வட்டிலும் விரற்பிசுக்கும் படியலாகாது. காலிப்பரை இருந்த இடத்தில் வைத்துப் போல்ட்டுகளை முதலில் கையாலும் பின்னர் டார்க் ரெஞ்சாலும் இறுக்குக. சென்சார்க் கம்பி பழைய கவ்வியிலே பழைய வழியிலே அமைந்துள்ளதா, சக்கரத்தில் உரசாதா என்று பார்க்க. சென்சாரின் நுனிக்கும் பல்வளையத்திற்கும் இடையே உள்ள மிகக் குறுகிய சந்தில் இரும்புத்தூள் சிக்கியிருந்தால் துணியால் துடைத்துவிடுக.

இனிக் கூறுவதை யாரும் மறத்தலாகாது. வண்டியை ஓர் அடி நகர்த்துமுன், லீவரை மெல்லப் பலமுறை அழுத்தி, அது கெட்டிப்படும்வரை நிறுத்தாதீர்கள். உள்ளே தள்ளிய பிஸ்டன் இன்னும் பேட்டைத் தொட்டிராது. முதல் இரண்டு மூன்று அழுத்தங்களில் லீவர் கைப்பிடி வரையில் வெறுமையாகப் போகும். வேலை முடிந்த மகிழ்ச்சியில் இதனை விட்டுச் சாலையில் இறங்குபவர்க்கு முதல் திருப்பத்திலேயே தடை இல்லை. லீவர் கெட்டிப்பட்டபின் கிண்ணத்தின் அளவை மீண்டும் பார்த்துச் சரிசெய்து மூடுக.

காருக்குச் சில வேறுபாடுகள் உண்டு. ஓர் அச்சின் இரு சக்கரங்களுக்கும் ஒருங்கே மாற்ற வேண்டும்; ஒன்றை மட்டும் மாற்றினால் கார் ஒரு பக்கம் இழுக்கும். பிற்சக்கரப் பிஸ்டன்களிற் சில சுழற்றியே உள்ளே செல்லும் அமைப்புடையன. நேரே தள்ளினால் பழுதாகும். மின்சாரத்தால் இயங்கும் பார்க்கிங் பிரேக் உள்ள கார்களில், கையேட்டில் கூறிய சர்வீஸ் நிலைக்குக் கொண்டுவராமல் பின்பேட்களைத் தொடுதலே ஆகாது.

வீட்டின் எல்லை

மேற்கூறிய வேலை முழுவதிலும் நீர்மம் செல்லும் குழாயை நாம் ஓரிடத்தும் அவிழ்க்கவில்லை என்பதைக் கவனிக்க. அதுவே வீட்டு வேலையின் எல்லைக்கோடு. குழாய் திறவாதவரை காற்றுப் புகாது. காற்றுப் புகாதவரை பேட் மாற்றுவது கவனமுள்ள எவரும் செய்யக்கூடிய வேலை. குழாயை மாற்றுதல், காலிப்பரை அடியோடு கழற்றுதல், யூனிட்டைத் தொடுதல் ஆகியன எல்லைக்கு அப்பாற்பட்டவை.

காரணம் இது. பழைய வண்டியில் காற்றுப் புகுந்தால், ஒருவர் லீவரை அழுத்த, மற்றொருவர் நிப்பிளைத் திறந்து மூடக் காற்றை எடுத்துவிடலாம். ஏ.பி.எஸ். யூனிட்டினுள் காற்றுப் புகுந்துவிட்டாலோ, மூடியிருக்கும் வால்வுகளுக்குப் பின்னே அது ஒளிந்துகொள்ளும். ஸ்கேனர் என்னும் கருவியை இணைத்து வால்வுகளையும் பம்பையும் இயக்கினாலன்றி அது வெளிவருவது அரிது. வீட்டு வாயிலில் லீவர் நன்றாகவே இருப்பதுபோல் தோன்றும். பின்னொரு நாள், யூனிட் இயங்கும் நெருக்கடியான வேளையில், ஒளிந்திருந்த காற்று குழாயிற் கலந்து லீவர் தாழ்ந்துபோதல் கூடும். வேண்டிய வேளையில் கைவிடும் துணை, துணையின்மையினும் கொடிது.

ஏ.பி.எஸ். விளக்கைப் பற்றியும் ஒன்று கூறுவோம். இக்னிஷன் போட்டதும் அது எரிவதும், வண்டி சிறிது வேகம் பெற்றதும் அணைவதும் இயல்பு. வேலை முடிந்தபின் ஸ்டாண்டில் வைத்துப் பிற்சக்கரத்தை எஞ்சினால் சுழற்றிப் பார்ப்போர் சிலர், விளக்கு எரிவது கண்டு பதறுவர். பின் சக்கரம் ஓட, முன் சக்கரம் நிற்கக் கண்ட மின்னணுப் பெட்டி, சென்சார் பழுதென்று எண்ணிக்கொள்வதே அதற்குக் காரணம். இக்னிஷனை அணைத்து மீண்டும் போட்டுச் சாலையிற் சிறிது தூரம் ஓட்டினால் பெரும்பாலும் அது நீங்கிவிடும். ஓட்டியும் நீங்காவிட்டால் தக்க பட்டறைக்குச் செல்லவேண்டும். விளக்கின் கம்பியை வெட்டி அதனை அணைத்தல், காய்ச்சலுக்கு மருந்துண்ணாமல் வெப்பமானியை உடைப்பதை ஒக்கும். வித்தை காட்டுவதற்காக ஃப்யூஸைக் கழற்றிச் சக்கரத்தைச் சறுக்கவிடும் இளைஞருக்கும் இதனையே கூறுவோம்.

முதற் பயணம்

புதிய பேட் உடனே முழு வலிமையோடு பிடிக்காது. அதன் முகம் வட்டின் முகத்தோடு இயைய வேண்டும். வண்டி நெரிசலற்ற உலர்ந்த சாலையில், முதலில் நடை வேகத்தில் தடையைச் சோதித்துப் பார்க்க. பிறகு மணிக்கு 40, 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 கிலோமீட்டர் வரை மெல்லக் குறைத்து, இடையே வட்டு ஆறுமாறு சிறிது தூரம் ஓட்டி, இவ்வாறு பத்து முறையளவும் செய்க. முதல் இருநூறு கிலோமீட்டர் வரையில் முன்செல்லும் வண்டிக்கு வழக்கத்தினும் அதிக இடைவெளி விட்டு ஓட்டுவது நலம். மறுநாள் மீண்டும் ஒரு முறை போல்ட்டுகளையும், நீர்மத்தின் அளவையும், எங்கேனும் கசிவு உண்டா என்பதையும் பார்க்க. டயர் மாற்றுங்காலத்துக் கையேட்டிற் கூறிய அளவையே வாங்குக. இரு சக்கரங்களின் வேகத்தையும் ஒப்பிட்டே இக்கருவி முடிவு செய்வதால், சக்கரத்தின் அளவு மாறின் அதன் கணக்கும் மாறும்.

பட்டம் பெறக் கற்பவர் கையில் கரி படலாமா என்று எண்ணும் வழக்கம் நம்மிடையே இன்னும் முற்றும் ஒழியவில்லை. ஏட்டிற் கற்ற பாஸ்காலின் விதியும் உராய்வின் விதியும், காலிப்பரை ஒரு முறை கழற்றிப் பார்த்தவர்க்குத்தான் உள்ளத்தில் நிலைக்கும். பட்டறைத் தொழிலாளியின் அறிவை மதிக்கவும் அப்போதே கற்போம். எவ்விடத்தில் அவரிடம் செல்லவேண்டும் என்பதையும் அறிவோம். கைத்தொழிலில் தன் எல்லையை அறிதல் அத்தொழிலின் ஒரு பகுதியே.

நம் வண்டியின் பின்னிருக்கையில் அமர்ந்து வரும் தாயோ தம்பியோ தோழரோ நம் பிரேக்கின் நிலையைப் பார்த்து ஏறுவதில்லை. நம்மை நம்பியே ஏறுகின்றனர். சாலையைக் கடக்கும் சிறுவனோ நம்மை அறியவே மாட்டான். ஆயினும் அவன் உயிரும் நம் கையில் இறுக்கிய போல்ட்டில் தங்கியிருக்கிறது. ஆதலின் மாணவர்காள், இவ்வேலையைச் செய்யத் துணிந்தால் முறையறிந்து செய்க. ஓர் ஐயம் எழுமாயின் அவ்விடத்தே நிறுத்தி, அறிந்தவரைக் கேட்டபின் வண்டியை எடுக்க.